ஹானர்ஸ்: தேர்வுத்தாளிலிருந்து ஆய்வேடு வரை

1929ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் காம்ப்டன் சிதறலையும் அப்போது புதிதாக வந்திருந்த குவாண்டம் புள்ளியியலையும் இணைத்துப் பேசும் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். வயது பதினெட்டு. அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்திருந்தார். தம்மைத் தேடி வந்த அந்த மாணவரிடம், அவர் படித்து வைத்திருந்த அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சொல்லி, உலோகங்களின் எலக்ட்ரான் கொள்கை பற்றிய தம் கட்டுரையின் மெய்ப்புப் படிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மெய்ப்பைப் படித்ததன் விளைவே ராயல் சொசைட்டி கட்டுரை. 1930இல் சந்திரசேகர் ஹானர்ஸ் தேர்வை எழுதிப் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

அந்தப் பட்டத்துக்கும் அந்தக் கட்டுரைக்கும் நிர்வாக முறையில் எந்தத் தொடர்பும் இல்லை. ஹானர்ஸ் என்பது தேர்வு. மூன்றாண்டின் முடிவில் எழுதப்படும் தாள்களிலும் செய்முறைத் தேர்விலும் பெறும் மதிப்பெண்களைக் கூட்டி வகுப்பு வழங்கப்பட்டது. மாணவர் தாமாக ஒரு வினாவை எழுப்பி அதற்கு விடை கண்டிருந்தால், அதை எழுதிக்கொள்ள மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்கள் இன்று நான்காம் ஆண்டில் ‘ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்’ என்ற ஒன்றை நடத்தத் தொடங்கியிருக்கும் நிலையில், அந்த இடம் ஏன் இவ்வளவு காலம் இல்லாதிருந்தது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. இன்றைய ஏற்பாட்டின் தடுமாற்றங்கள் பலவும் நேற்று முளைத்தவை அல்ல.

வேர் 1857இல் இருக்கிறது. 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை இந்தியாவில் பல்கலைக்கழகங்களை அமைக்கப் பரிந்துரைத்தபோது முன்மாதிரியாகக் காட்டியது ஆக்ஸ்ஃபோர்டையோ கேம்பிரிட்ஜையோ அன்று, லண்டன் பல்கலைக்கழகத்தை. அக்கால லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் நடத்தின, பல்கலைக்கழகம் தேர்வு வைத்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றும் இந்த அச்சில் வார்க்கப்பட்டன. அரசுக் கல்லூரி, மிஷனரிக் கல்லூரி, தனியார் கல்லூரி எனப் பல தரத்தில் நடந்த கற்பித்தலை ஒரே கோலால் அளக்க வேண்டியிருந்தது. பட்டம் அரசு வேலைக்கு வாயிலாக இருந்ததால் அந்தக் கோல் யார் பக்கமும் சாயாததாகத் தோன்றவும் வேண்டியிருந்தது. ஆகவே கற்பிப்பவர் வேறு, அளப்பவர் வேறு என்ற பிரிவினை அமைப்பின் அடித்தளமாயிற்று. விடைத்தாளில் பெயர் இராது, எண் மட்டும் இருக்கும். வினாத்தாளை அமைத்தவர் யாரென்று ஆசிரியருக்கே தெரியாது. மாணவரை மூன்றாண்டுகள் அருகிலிருந்து அறிந்த ஒருவரின் கருத்துக்கு இந்த ஏற்பாட்டில் மதிப்பெண் கிடையாது. கருத்துச் சொல்ல அவரை யாரும் கேட்பதும் இல்லை.

ஹானர்ஸ் என்ற சொல்லும் அதன் பொருளைத் தேர்விலிருந்தே பெற்றது. கேம்பிரிட்ஜின் கணித ட்ரைபாஸ் தேர்வில் தேறியவர்களை முதலிடம் தொடங்கி வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் 1909 வரை இருந்தது. அந்த வரிசையின் மயக்கம் இந்தியாவிலும் பற்றிக்கொண்டது. கல்கத்தாவில் சாதாரணப் பட்டத்துக்கு மேலாக ஒரு பாடத்தில் கூடுதல் தாள்கள் எழுதி வகுப்புப் பெறுவதே ஹானர்ஸ். எந்த ஆண்டில் யார் முதலிடம் என்பது குடும்ப வரலாறுகளில் தலைமுறை தாண்டி நின்றது. அறிவியல் ஹானர்ஸில் செய்முறையும் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தச் செய்முறை எத்தகையது? உப்பைப் பகுத்து அதிலுள்ள அயனிகளைச் சொல்ல வேண்டும். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். பட்டகத்தின் கோணத்தை அளக்க வேண்டும். விடை தேர்வாளருக்கு முன்பே தெரியும். மாணவர் அதனருகே வந்தாரா என்பதே கேள்வி. தெரிந்த விடையிலிருந்து விலகிய அளவீடு ஒன்று பிழையாகத்தான் இருக்க முடியும்.

சி.வி. ராமனின் முதல் கட்டுரை அத்தகைய விலகல் ஒன்றிலிருந்தே பிறந்தது என்பது இங்கே நினைக்கத் தக்கது. மாநிலக் கல்லூரியில் நிறமாலைமானியில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான செய்முறையின்போது, ஒளி மிகச் சாய்வாக விழும் நிலையில் விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமச்சீராக இல்லாததை அவர் கவனித்தார். செய்முறைக் குறிப்பேட்டின் கணக்குக்கு அது தேவையற்ற காட்சி. அவர் அதைப் பின்தொடர்ந்து அளந்து எழுதினார். ஆசிரியரிடம் கொடுத்த கட்டுரைக்குப் பல மாதங்கள் மறுமொழி வராததால் தாமே ஃபிலாசஃபிகல் மேகசின் இதழுக்கு அனுப்பினார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1906 நவம்பரில் அது வெளிவந்தபோது அவர் எம்.ஏ. மாணவர். 1907இல் எம்.ஏ. தேறினார், அதே ஆண்டு நிதித்துறைப் பணிக்கான போட்டித் தேர்விலும் வென்று கல்கத்தாவில் அரசு அதிகாரியானார். அடுத்த பத்தாண்டுகள் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் உழைத்த கதை எல்லோரும் அறிந்தது. பல்கலைக்கழகம் அவரை அளந்த முறையும் அவர் உண்மையில் செய்துகொண்டிருந்த வேலையும் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே நடந்தன.

இந்தப் பிளவை உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், தேர்வு நடத்துவதோடு நின்றிருந்த பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆய்வு நடத்தவும் வழி திறந்தது. கர்சனின் சட்டம் அரசியல் நோக்கத்துக்காக அக்காலத்தில் பெற்ற வசவுகள் நியாயமானவை. ஆனால் அதன் இந்த ஒரு கதவைக் கல்கத்தாவில் ஆசுதோஷ் முகர்ஜி முழுமையாகத் திறந்து பயன்படுத்திக்கொண்டார். 1906 முதல் 1914 வரை துணைவேந்தராக இருந்த அவர், தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் ஆகியோரின் கொடையைக் கொண்டு 1914இல் ராஜாபஜாரில் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1917இல் ராமன் அரசுப் பணியை விட்டுவிட்டுப் பாலித் பேராசிரியரானார். 1915இல் எம்.எஸ்ஸி. முடித்திருந்த சத்தியேந்திரநாத் போஸும் மேக்நாத் சாஹாவும் அங்கே விரிவுரையாளர்களாகச் சேர்ந்து, தாங்கள் வகுப்பில் படித்திராத புதிய இயற்பியலைத் தாமே கற்றுக் கற்பித்தனர்.

பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையும் இதே திசையில் நகர்ந்தது. பம்பாயின் பருத்தி வணிகரான அவர் 1866இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த இரண்டு லட்சம் ரூபாயில் எழுந்தது அது. தொடக்கத்தில் வங்காளத்தின் மிகக் கடினமான தேர்வு என்று பெயர் பெற்றிருந்தது. பின்னர் சொந்த ஆய்வைச் சமர்ப்பித்துப் பெறும் பரிசாக மாறியது. ஒரே பெயர், ஒரே நிதி. அளக்கப்படும் பொருள் மட்டும் மாறிவிட்டது. ஆனால் இந்த மாற்றங்கள் யாவும் பட்டத்துக்கு மேலே நிகழ்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இளநிலை ஹானர்ஸ் முன்பிருந்தபடியே தேர்வாக நீடித்தது. ஆய்வு என்பது தேர்வில் வென்றவருக்குப் பிற்பாடு கிடைக்கும் சலுகை என்ற படிநிலை இக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. இன்றும் அது நம்மிடம் கலையவில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. 1916இல் ஆக்ஸ்ஃபோர்டின் வேதியியல் துறை, டபிள்யூ.எச். பெர்கினின் முயற்சியால், மூன்றாண்டு ஹானர்ஸுக்குப் பின் நான்காவதாக ஓராண்டைச் சேர்த்தது. அவ்வாண்டில் வகுப்புகள் இல்லை. மாணவர் ஒரு நெறியாளரின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து ஒரே சிக்கலில் உழைத்து ஆய்வேடு எழுத வேண்டும். எழுதினால்தான் ஹானர்ஸ் முழுமை பெறும். டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர்ப் படிகவியலுக்குள் நுழைந்தது 1931இல் இந்த நான்காம் ஆண்டின் வழியாகத்தான். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பின்னாளில் நிலைபெற்ற ஹானர்ஸ் ஆண்டும் இதே இனத்தைச் சேர்ந்தது. மூன்றாண்டு அறிவியல் பட்டம் தன்னளவில் முடிந்துவிடும். தகுதியும் விருப்பமும் உள்ளவர் மேலும் ஓராண்டு தங்கி, ஆய்வேட்டையும் சில உயர்நிலைப் பாடங்களையும் முடிப்பார். ஆய்வேட்டை நெறியாளர் அல்லாத தேர்வாளர்கள் படித்து மதிப்பிடுவது அங்கே வழக்கம். முதல் வகுப்புப் பெற்றவர் முதுகலை இல்லாமலே முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்லலாம். அங்கெல்லாம் ஹானர்ஸ் ஆண்டின் நோக்கம் ஒன்றே: இவர் விடை தெரியாத ஒன்றோடு ஓராண்டு வாழக்கூடியவரா என்று பார்ப்பது.

பெர்கினின் திட்டம் தொடங்கிய மறு ஆண்டு, 1917இல், மைக்கேல் சாட்லர் தலைமையில் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம் அமைக்கப்பட்டது. ஆசுதோஷ் முகர்ஜியும் அதில் உறுப்பினர். 1919இல் பதின்மூன்று தொகுதிகளாக வெளிவந்த அதன் அறிக்கை, காலனிய இந்தியாவின் கல்வியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக விரிவானது. பட்டப்படிப்பு இன்டர்மீடியட்டுக்குப் பின் மூன்றாண்டாக வேண்டும். ஹானர்ஸ், சாதாரணப் பட்டத்திலிருந்து தனியாகப் பிரிய வேண்டும். கற்பிப்பவரிடமே பல்கலைக்கழகம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. 1921இல் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகம் இந்தப் பரிந்துரைகளின் நேரடிக் குழந்தை. இணைவுக் கல்லூரிகளின் பெருஞ்சுமை இல்லாத, மாணவர் விடுதிகளில் தங்கிப் படிக்கும், ஆசிரியரே கற்பித்து ஆசிரியரே அளக்கும் பல்கலைக்கழகம். அங்கே ஹானர்ஸ் மூன்றாண்டு. சத்தியேந்திரநாத் போஸ் அங்கே சென்றார். பிளாங்க் விதியை வகுப்பில் விளக்கும்போது மனநிறைவு தராத இடத்தைத் தீர்க்க முயன்றதன் பயனாக 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை எழுந்தது. அவர் முனைவர் பட்டம் பெறவே இல்லை.

டாக்காவின் முதல் துணைவேந்தரான ஃபிலிப் ஹார்டாக் சாட்லர் ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தவர். இந்தியாவை விட்டுச் சென்ற பின் அவர் ஈடுபட்ட வேலை நம் பொருளுக்கு நெருக்கமானது. 1935இல் இ.சி. ரோட்ஸுடன் சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்தும் ஆய்வொன்றை அவர் வெளியிட்டார். பள்ளி இறுதி வரலாற்றுத் தேர்வின் 15 விடைத்தாள்களை அனுபவமிக்க தேர்வாளர்கள் திருத்தினர். ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அவர்களில் 14 பேர் அதே தாள்களை மீண்டும் திருத்தினர். கிடைத்த 210 முடிவுகளில் 92 மாறிவிட்டன. முன்பு தேறியவர் இப்போது தவறினார், தவறியவர் தேறினார். தாளும் அதுவே, திருத்தியவரும் அவரே. பெயரற்ற விடைத்தாளை முன்பின் அறியாத தேர்வாளர் திருத்தினால் நடுநிலை தானாக வந்துவிடும் என்ற 1857இன் நம்பிக்கைக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு அரிது. இந்தியாவில் இரு பல்கலைக்கழகப் பணிகளில் தேர்வு முறையை உள்ளிருந்து பார்த்த ஒருவர் இந்த ஆய்வை நடத்தியது தற்செயல் என்று தோன்றவில்லை.

சென்னையில் ஹானர்ஸ் வேறு வடிவம் கொண்டது. இன்டர்மீடியட்டுக்குப் பின் மூன்றாண்டு. முடித்தவர் பிற்பாடு தனித் தேர்வு எழுதாமல் கட்டணம் செலுத்தி எம்.ஏ. பட்டத்தைப் பெற்றுக்கொள்ளலாம். பழைய ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வழக்கத்தின் சாயல் இது. இன்றைய சொற்களில் சொன்னால், சென்னை ஹானர்ஸ் முதுநிலைக்கு இணையானது. ஆழமும் அதிகம், தோல்வியும் அதிகம். அதை முடித்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் பொறாமை எழத்தான் செய்யும். எனினும் அந்த ஆழம் முழுவதும் தேர்வுக்கூடத்தில்தான் அளக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் 1916 இங்கே வரவில்லை. புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தபின் சென்னையில் ஹானர்ஸே மறைந்துபோயிற்று. டெல்லியில் அது நிலைத்தது. மாரிஸ் க்வயர் துணைவேந்தராக இருந்த 1940களில் அங்கே வேரூன்றிய மூன்றாண்டுப் பட்டத்தில், ஹானர்ஸ் என்பது ஒரு பாடத்தைச் சிறப்பாகப் படிப்பது என்ற பொருளை மெல்ல ஏற்றுக்கொண்டது. இன்று ‘இயற்பியல் ஹானர்ஸ்’ என்று சொல்லும் டெல்லி மாணவர், அச்சொல்லுக்கு ஆய்வோடு உறவு உண்டு என்று கேட்டால் வியப்படைவார். அந்த வியப்புக்கு வரலாற்று நியாயம் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1948–49இன் ராதாகிருஷ்ணன் ஆணையம், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் சொல்லலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாக இருக்கும் என்று எழுதியது. அந்த வரியை அதற்குப் பின் வந்த குழுக்கள் பலவும் மேற்கோள் காட்டின. தேர்வும் நடந்துகொண்டே இருந்தது. மறுபக்கம், ஆய்வுக்கான பணமும் கருவிகளும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே குவிந்தன. அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 1942இலும், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் 1945இலும், அணுசக்தி ஆணையம் 1948இலும் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழகங்களை வலுப்படுத்தாமல் தனி அமைப்புகளை எழுப்புவதைச் சாஹா எதிர்த்தார். அவரது எதிர்ப்பில் தனிப்பட்ட கசப்பும் கலந்திருந்தது என்று சொல்வோர் உண்டு, இருக்கலாம். ஆனால் அவர் முன்னறிந்த விளைவு அப்படியே நடந்தது. இளநிலை மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் பயிலும் இணைவுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நடக்கும் கட்டடங்களுக்கும் இடையே பல கிலோமீட்டர்களும் ஒரு பாதுகாப்பு வாயிலும் வந்து நின்றன.

இந்த இடைவெளியை மூட அரசு தேர்ந்த வழி, புதிய நிறுவனங்களைக் கட்டுவது. 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் தோன்றின. பின்னர் மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகியவை சேர்ந்தன. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பின் இறுதியாண்டு அங்கே ஆய்வேட்டுக்கு உரியது. 2011இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கி, நான்காம் ஆண்டை ஆய்வுப் பணிக்கு ஒதுக்கியது. இந்திய மண்ணில் பெர்கினின் ஆண்டுக்கு மிக நெருங்கியவை இவையே. அவை இயங்குவதற்கான காரணம் எளியது: மாணவர் அமரும் அறையும் நெறியாளரின் ஆய்வுக்கூடமும் ஒரே தாழ்வாரத்தில் இருக்கின்றன; கற்பிப்பவரே மதிப்பெண் இடுகிறார்; அதை ஐயுற்று மேலே ஓர் இணைவுப் பல்கலைக்கழகம் இல்லை. டாக்கா 1921இல் முயன்ற வடிவம்தான். ஆனால் அங்கே பயில்வோர் எண்ணிக்கை, நாட்டின் அறிவியல் மாணவர் கூட்டத்தில் ஒரு துளி.

டெல்லிப் பல்கலைக்கழகம் 2013 ஜூலையில் நான்காண்டு இளநிலைப் படிப்பைக் கொண்டுவந்தபோது இந்த அனுபவம் எதுவும் உதவவில்லை. எல்லோருக்கும் பதினொரு அடிப்படைப் பாடங்கள் வைக்கப்பட்டன. விவாதம் முழுவதும் அவற்றின் தரம் பற்றியும் திணிக்கப்பட்ட அவசரம் பற்றியும் எழுந்தது. நான்காம் ஆண்டில் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு யாரும் வந்து சேரவில்லை. 2014 ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆணைப்படி அது கைவிடப்பட்டது. சேர்ந்த மாணவர்கள் மூன்றாண்டுக்குத் திருப்பப்பட்டனர்.

தேசியக் கல்விக் கொள்கை 2020இல் அதே எண்ணம் நாடு தழுவியதாகத் திரும்பி வந்தது. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட இளநிலைக் கலைத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பு அதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தது. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்று, ஆய்வில் விருப்பமும் உள்ளவர் நான்காம் ஆண்டில் தம் முதன்மைப் பாடத்தில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வுத் திட்டமோ ஆய்வேடோ மேற்கொள்வார். அவருக்கு ‘ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்’. அந்த மதிப்பெண் இல்லாதவரோ விரும்பாதவரோ 12 கிரெடிட்டுக்கு மூன்று பாடங்களைப் படிப்பார். அவருக்கு வெறும் ஹானர்ஸ். இதை நடத்தும் துறையில் நூலகம், ஆய்விதழ்கள், ஆய்வுக்கூட வசதி ஆகியவற்றோடு முனைவர் பட்ட நெறியாளர்களாக ஏற்கப்பட்ட நிரந்தர ஆசிரியர் இருவரேனும் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் எண்ணையும் சற்று நின்று பார்க்க வேண்டும். நான்காம் ஆண்டின் 40 கிரெடிட்டில் ஆய்வுக்கு 12; மீதி 28 வழக்கமான பாடங்கள். முழுப் பட்டத்தில் ஆய்வின் பங்கு ஏழரை விழுக்காடு. செய்முறைப் பணிக்கு ஒரு கிரெடிட் 30 மணி நேரம் என்ற அதே கட்டமைப்பின் அளவைக் கொண்டால் ஆண்டு முழுவதற்கும் 360 மணி, வாரத்துக்குப் பன்னிரண்டு மணி. பெர்கினின் மாணவர் ஓராண்டு ஆய்வுக்கூடத்தில் கிடந்தார். நம் மாணவர் செவ்வாய் பிற்பகலும் வியாழன் பிற்பகலும் சனிக்கிழமையுமாக அங்கே வந்து போவார். அறிவியல் சோதனைக்கு இந்தத் துண்டு நேரம் பொருந்துவதில்லை. வளர்த்த செல்கள் கால அட்டவணையைப் பார்த்து வளர்வதில்லை. வேதிவினை பாதியில் நிற்கும்போது அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடும். டெல்லியில் ஏழாம் பருவத்துக்கு 6, எட்டாம் பருவத்துக்கு 6 என்று இதைப் பிரித்து, ஆய்வேட்டோடு கல்விசார் திட்டப்பணி, தொழில்முனைவு ஆகியவற்றையும் மாற்று வழிகளாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் மதிப்பெண் இட்டாக வேண்டும் என்பதால், முதல் பருவத்துக்குள் காட்டுவதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது இலக்கிய மீளாய்வாகவும் ஆய்வு வடிவமைப்பாகவும் இருக்கும். தவறான கேள்வியைத் தேர்ந்துவிட்டோம் என்று நவம்பரில் உணர்ந்து அதைக் கைவிடும் உரிமை, ஆய்வின் முதல் உரிமை, இந்தப் பங்கீட்டில் மிகவும் விலை கூடியதாகிறது.

75 விழுக்காடு என்ற வாயிலின் முரண் இன்னும் தெளிவானது. ஆய்வுக்குத் தகுதியானவரைத் தேர்வு மதிப்பெண் தேர்ந்தெடுக்கிறது. ஆறு பருவங்கள் தெரிந்த விடைகளைச் சரியாக எழுதியவருக்கே தெரியாத வினா வழங்கப்படும். ஆஸ்திரேலியாவிலும் மதிப்பெண் வரம்பு உண்டு என்று எதிர்வாதம் சொல்லலாம், உண்மை. ஆனால் அங்கே அதைக் கடந்த பின் வகுப்பைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த ஓராண்டின் பணி. இங்கே இறுதிக் கூட்டலில் மீண்டும் எட்டுப் பருவங்களின் மதிப்பெண்தான். 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிகள், நான்காண்டுப் பட்டத்தில் மொத்தமாக 75 விழுக்காடு பெற்றவரை நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க அனுமதிக்கின்றன. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. மொத்த மதிப்பெண்தான் சாவி. ஆய்வேடு எப்படி இருந்தது என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அதே விதிகள் எம்.ஃபில். பட்டத்தையும் நிறுத்தின. எம்.ஃபில். பல இடங்களில் சடங்காகிப் போயிருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிற்றூர்க் கல்லூரிகளில் படித்த பலருக்கு, ஓர் ஆய்வேட்டை முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதிப் பார்த்த இடம் அதுவே. அந்தப் பயிற்சியின் சுமை இப்போது இருபது, இருபத்தொரு வயது மாணவரின் 360 மணி நேரத்தின் மேல் வந்து அமர்ந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் மதிப்பீட்டின் பழைய சிக்கல் படுத்திருக்கிறது. ஓர் ஆய்வேட்டின் உண்மையை அதிகம் அறிந்தவர் நெறியாளர். சோதனை மூன்று முறை தோற்றதும், நான்காம் முறை மாணவர் தாமாகக் கரைப்பானை மாற்றிப் பார்த்ததும் அவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் அவர் நடுநிலையாளர் அல்லர். மாணவரின் வெற்றியில் அவருக்கும் பங்குண்டு. புறத்தேர்வாளர் நடுநிலையாளர், ஆனால் அவர் கையில் இருப்பது தட்டச்சிட்ட நாற்பது பக்கமும் இருபது நிமிட வாய்மொழித் தேர்வும். நேர்த்தியான வரைபடங்கள் கொண்ட வெற்று வேலையையும், எதிர்பார்த்த முடிவு வராத நேர்மையான வேலையையும் அந்த இருபது நிமிடத்தில் பிரித்தறிய வேண்டும். உலகெங்கும் இதற்குக் கண்ட வழி இரண்டையும் கலப்பதுதான்: நெறியாளரின் அறிக்கை, அவர் அல்லாத இருவரின் மதிப்பீடு, வாய்மொழித் தேர்வு, கருத்து வேறுபட்டால் மூன்றாமவர். விதியாக எழுதுவது எளிது. அது இயங்க, நெறியாளரின் சொல்லுக்கு எடை உண்டு என்று பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். தன் ஆசிரியர் தன் மாணவரை அளக்கக் கூடாது என்ற கொள்கையின் மேல் எழுப்பப்பட்ட அமைப்பு அந்த ஏற்பை எங்கிருந்து கொண்டுவரும்? உள்மதிப்பீட்டு மதிப்பெண்கள் பல இடங்களில் எல்லோருக்கும் ஏறக்குறைய முழுதாக வழங்கப்பட்டு அர்த்தமிழந்த வரலாறு நம்மிடம் இருக்கிறது. ஐயப்படுபவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மாநிலங்கள் இதை வேறுவேறாக எதிர்கொண்டன. 2021இல் முந்திக்கொண்டு நான்காண்டு ஹானர்ஸை ஏற்ற கர்நாடகம் 2024 மே மாதத்தில் மூன்றாண்டுக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஜூலையில் கேரளம் தன் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டில் நிற்கின்றன. டெல்லியில் 2022இல் சேர்ந்தவர்களின் நான்காம் ஆண்டு 2025–26. எத்தனை பேர் தங்குவார்கள், எத்தனை பேர் மூன்றாண்டோடு வெளியேறி இரண்டாண்டு முதுகலைக்குச் செல்வார்கள் என்பது அவரவர் குடும்பத்தின் பொருள்நிலையையும் பொறுத்தது. வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் மூன்றாண்டு மாணவருக்கென்று கட்டப்பட்டவை. நான்காம் ஆண்டினர் அதே மேசைகளில்தான் தங்கள் இடத்தைக் கண்டாக வேண்டும்.

எழுதி முடித்த ஆய்வேடு எங்கே போகும் என்பது இன்னொரு சிறிய கேள்வி. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற மின்களஞ்சியம் உண்டு. யாரும் திறந்து படிக்கலாம், நகல் எடுத்தவர் பிடிபடலாம், முந்தையவர் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கலாம். நான்காம் ஆண்டு இளநிலை ஆய்வேடு அதன் எல்லைக்குள் வரவில்லை. விடைத்தாள் கட்டுகள் குறித்த காலம் கடந்ததும் எடைக்குப் போவது வழக்கம். கருநீல அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்துக் கட்டிய ஆய்வேடுகளைத் துறை அலமாரியில் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தந்தத் துறைதான் முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.